கராஜில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு

1. வாகனத்தில் கை வைக்க முதல், செய்தவன் ஏன் அப்படிச் செய்தான் என்று யோசியுங்கோ. எங்கட உரும்பிராய்க் கராஜுக்குத் திருத்த வாற பழைய ஹூண்டாய் சான்ட்ரோவையே எடுங்கோ. கூரை ஏன் அவ்வளவு உயரம்? கொரியாவில் 2008க்கு முன் சிறிய காருக்குரிய சலுகை வேணுமென்றால் நீளம் 3.5 மீற்றரையும் அகலம் 1.5 மீற்றரையும் தாண்டக்கூடாது என்று இருந்தது. 1997இல் வந்த அதன் மூலக் கார் அற்றோஸ் 3,495 மில்லிமீற்றர் நீளம், 1,495 அகலம். இரண்டிலும் 5 மில்லிமீற்றர்தான் மிச்சம். உயரத்துக்கோ சட்டம் 2 மீற்றர் வரை விட்டிருந்தது. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆசனம் உயர்ந்தால் கால் நீட்டக் குறைந்த இடமே போதும். முழங்கால் வருத்தக்காரர் குனியாமல் ஏறலாம். நாடாவைப் பிடித்து நீங்களே அளந்து பாருங்கோ.

2. கார் ஊருக்கு ஊர் மாறும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து 1998 செப்டெம்பரில் சான்ட்ரோ வெளிவந்தபோது முகப்பைத் திருத்தியிருந்தார்கள். கொரியாவின் 800 சிசி வகை இஞ்சினுக்குப் பதில் 999 சிசி. ஆகவே அற்றோஸின் பாகம் எல்லாம் பொருந்தும் என்று நம்பி வாங்காதேங்கோ.

3. போர்க்காலப் பெற்றோல் தடையின்போது ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கு இன்றும் பெருமைதான். சான்ட்ரோவில் அதைச் செய்து பார்க்காதேங்கோ. அதில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனி இன்ஜெக்டர். எவ்வளவு பெற்றோல் விடுவதென்று கணினி அளக்கிறது. அழுக்கும் கலப்படமும் அந்த நுண்துளைகளுக்கு ஆகாது.

4. இஞ்சினை நிறுத்தினாலும் பெற்றோல் குழாயில் அழுத்தம் நிற்கும். பம்பின் ஃபியூஸைக் கழற்றி, இஞ்சின் தானாய் அடங்கும்வரை ஓடவிட்டு, பற்றரி வயரையும் எடுத்த பிறகே குழாயில் கை வையுங்கோ. பக்கத்தில் எவரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, வாகனக்காரரே என்றாலும்.

5. எங்கட செம்மண் தூசி எயார் ஃபில்ரரை வேகமாய் அடைக்கும். தட்டிப்போட்டுத் திரும்ப மாட்டாமல் மாற்றுங்கோ.

6. பழைய சான்ட்ரோ வந்தால் டைமிங் பெல்ட் எப்ப மாற்றினது என்று முதலில் கேளுங்கோ. வாகனக்காரருக்குத் தெரியாவிட்டால் மாற்றச் சொல்லுங்கோ. ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் இடித்து வால்வுகள் வளையக்கூடும். பெல்ட்டின் விலை அந்தச் செலவில் ஒரு துளி. புதுப் பெல்ட் போட்டதும் அடையாளக் குறிகளை நேர் பார்த்து, சாவி போட முதல் இஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகளைத் திரும்பவும் பாருங்கோ. எங்கேயாவது தடக்கினால் பலவந்தப்படுத்தாமல் என்னைக் கூப்பிடுங்கோ.