நஞ்சுக்கொடி சொல்லும் பாடம்



"பிள்ளை பிறந்தாச்சா? நஞ்சு விழுந்தாச்சா?" நம் பாட்டிமார் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். நஞ்சு முழுசாக விழாவிட்டால் தாய்க்கு ஆபத்து என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நஞ்சுக்கொடியை வைத்து ஆய்வுக்கூடத்தில் என்ன கற்கிறார்கள் என்பதே இந்த மாதப் பாடம்.

அழற்சி என்றால் என்ன?

கவாத்துக் குச்சி கையில் கீறினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி வலிக்கிறதல்லவா? அதுதான் அழற்சி. கிருமியோடு உடல் போடும் சண்டை. அந்தச் சண்டை கர்ப்பப்பைக்குள் நடந்தால், நாள் ஆகும் முன்பே பிரசவ வலி வந்துவிடலாம். 37 வாரம் முடியும் முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆய்வு எப்படி நடக்கிறது?

கர்ப்பிணிக்குக் கிருமியைக் கொடுத்துச் சோதிக்கலாமா? கூடவே கூடாது. எலியின் நஞ்சுக்கொடியும் நம்முடையதும் ஒன்றல்ல. அதனால் பிரசவம் முடிந்தபின், தாய் சம்மதித்துக் கொடுத்த நஞ்சுக்கொடியை எடுக்கிறார்கள்.

1. உப்புக் கரைசலில் ரத்தம் போகக் கழுவி, சிறு சிறு துண்டுகளாக்குவார்கள்.
2. சத்து நீர் உள்ள தட்டில் வைத்து, நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் பாதுகாப்பார்கள். திசு சில நாள் உயிரோடு இருக்கும்.
3. சில தட்டுகளில் மட்டும் கிருமியின் மேலுறைப் பொருளைச் சேர்ப்பார்கள்.
4. மறுநாள் அந்த நீரில் இன்டர்லியூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று அளப்பார்கள்.

உயிருள்ள கிருமி இல்லாமலே, அதன் உறை பட்டாலே நஞ்சுக்கொடி சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. இந்த அழற்சிதான் கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும் பொருட்களைப் பெருக்குகிறது. ஆனால் தட்டில் இருப்பது ஒரு துண்டுதான், முழு தாயல்ல. அதனால் மனிதரிடமும் ஆய்வு தேவை. ஹரியானாவில் குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015இல் தொடங்கிய 'கர்ப்-இனி' ஆய்வு, கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, குறைப்பிரசவத்தின் காரணங்களைத் தேடுகிறது.

நமக்கு என்ன பாடம்?

தேயிலைக் காட்டில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமலே கொழுந்து பறிக்கிறோம். ஒரு சகோதரி சொன்னார்: "ஒண்ணுக்குப் போனா எரிஞ்சுதுக்கா. குளிரு மலையில என்ன சூடுன்னு சீரகத் தண்ணி குடிச்சு விட்டுட்டேன். ஏழாம் மாசமே வலி வந்துடுச்சு." காரணம் அதுதான் என்று நாம் முடிவு கட்ட முடியாது. ஆனால் கவனிக்காத சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைப்பிரசவ ஆபத்து கூடும்.

• கர்ப்பப் பரிசோதனையில் சிறுநீர்ச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.
• எரிச்சல், காய்ச்சல், துர்நாற்ற வெள்ளைப்படுதல் இருந்தால் வெட்கப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள்.
• மருந்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.
• நீர்க்குடம் உடைந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

ஆய்வுக்கு நஞ்சுக்கொடி கேட்டால், எதற்கு என்று நம் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். வீட்டு வழக்கப்படி புதைக்க விரும்பினால் அதைச் சொல்லலாம். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேச:

நம் வேலைக் காட்டில் பெண்களுக்குக் கழிப்பறை எவ்வளவு தூரம்? அதற்காக நாம் யாரிடம், எப்போது மனு கொடுக்கப் போகிறோம்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.