பாய்லர் அறையில் கற்ற பாடம்



அறுவை சிகிச்சைக்கான துணிகளையும் கருவிகளையும் சுத்திகரிக்க 121 டிகிரி நீராவி வேண்டும்; சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தம். அது உலர்ந்த நீராவியாகவும் இருக்கவேண்டும். மூட்டை நனைந்து வெளிவந்தால் ஈரத்துணி வழியாய்க் கிருமி உட்புகும்.

ஒருநாள் காலை நோயாளி ஆயத்தம், மருத்துவரும் ஆயத்தம். பாய்லரையும் ஆட்டோகிளேவையும் கவனிக்கும் ஊழியரோ, "மூட்டை ஈரமா இருக்குங்க ஐயா, தரமாட்டேன். வேற துணியில கட்டி மறுபடி வைக்கணும்" என்றார். நோயாளியோடு ஜெபித்துவிட்டு வெளியே நின்ற எங்களுக்கே (சொல்ல வெட்கம்) எரிச்சல் வந்தது.

அறுவை நல்லபடியாய் முடிந்தபின் எங்களைப் பாய்லரண்டை அழைத்துப்போய், கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தைக் காட்டினார். மட்டம் மிஞ்சினால் நீராவியோடு தண்ணீரும் ஏறிவிடுமாம்.

"காலையில நான்தான் கவனிக்காம விட்டுட்டேன் ஐயா" என்றார்.