வளவுக் களையும் வேலிக்கு மேலால் வரும் வைத்தியமும்

ஐப்பசியில் பிடித்த மழை மார்கழியில் ஓயும்போது பண்டத்தரிப்புச் செம்மண்ணில் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே பச்சைதான். பொங்கலுக்கு முன் முற்றம் துப்புரவாக வேண்டும் என்ற அவசரத்தில் ஒழுங்கை முழுக்க மண்வெட்டிச் சத்தம் கேட்கும். கூடவே வேலிக்கு மேலால் ஆலோசனைகளும் வந்து விழும். அவற்றில் நல்லவையும் உண்டு. களையைவிட வேகமாகப் பரவும் பிழைகள்தான் அதிகம்.

“ஆழக் கொத்திப் புரட்டினால் கோரை அழிஞ்சுபோகும்.”

மாரியில் இதைச் செய்தால் கோரை பெருகும். அதன் உயிர் இலையில் இல்லை. மண்ணுக்குக் கீழே, பெரும்பாலும் மேல் அரையடிக்குள், கருமையான சிறு கிழங்குகளில் இருக்கிறது. மெல்லிய தண்டுகள் அவற்றை ஒன்றோடொன்று தொடுத்திருக்கும். தொடரின் ஒரு முனை முளைத்து நிற்கும்வரை மற்றக் கிழங்குகளில் பல உறங்கிக் கிடக்கும். மண்வெட்டி தொடரை அறுத்ததும் உறங்கியவை தனித்தனியே முளைக்கத் தொடங்கிவிடும். ஈர மண்ணில் கொத்துகிறவர் கோரைக்கு நாற்று நடுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

அதே கொத்தைச் சித்திரையில் கொத்தினால் பலன் வேறு. கோரைக்கிழங்குக்கு எமன் காய்ச்சல்தான். மழையில்லாத நாட்களில் மண்ணைப் புரட்டி, கிழங்குகளை வெயிலில் விட்டு, அந்த இடத்துக்கு ஒரு துளி தண்ணீரும் காட்டாமல் இரண்டு வாரம் வைத்து மறுபடி புரட்டினால் மேலே வந்தவற்றில் பெரும்பகுதி வற்றிச் செத்துவிடும். வாழைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தண்ணீர் கட்டுகிற இடத்தில் இது சரிவராது. அங்கே உழவாரம்தான். ஒவ்வொரு முளையும் கிழங்கின் சேமிப்பைத் தின்றே மேலே வருகிறது. அது புதுக் கிழங்கு வைப்பதற்கு முன், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செருக்கிக்கொண்டே இருந்தால் சேமிப்புக் கரையும். இரண்டு தடவை செருக்கிவிட்டு ‘ஒரு பலனுமில்லை’ என்று உழவாரத்தைச் சுவரில் சாத்துகிறவர்களே அதிகம். அப்பர் அந்தப் படையோடு கோயில் கோயிலாகத் திரிந்தவர். புல் ஒருநாள் வேலையில் அடங்காது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கறுப்புப் பொலித்தீன் விரித்தால் அடங்கும் என்பதும் கோரையிடம் செல்லாது. அதன் ஊசி முளை பொலித்தீனைத் துளைத்துக்கொண்டு நிமிரும். ஆனால் நிழலை அது தாங்காது. மாமரத்தடியில் கோரை மெலிந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். வெறும் நிலத்தில் வற்றாளைக் கொடியையோ பூசணியையோ நெருக்கமாகப் படரவிடுவது பொலித்தீனைவிட நல்லது. கிழங்கோ காயோ கறிக்கும் ஆகும்.

“உப்பைக் கொட்டிவிடுங்கோ, புல்லே முளைக்காது.”

உண்மைதான், வேறு எதுவும் முளைக்காது. கேள்வி, அந்த உப்பு எங்கே போகும் என்பதுதான். ஆறு ஓடாத குடாநாடு இது. மாரியில் கொஞ்சம் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் நமக்கு இருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீர் மட்டும். அந்த நன்னீர் கீழேயுள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கல்லில் வெடிப்பும் குகையும் அதிகம். மேலே ஊற்றியது வடிபட நேரமில்லாமல் இறங்கிவிடும். தோட்டங்களுக்குப் போட்ட உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகளில் அளவுக்கு மேல் தெரிவது அதனால்தான். வாகனக் கழிவு ஒயிலை வேலி ஓரத்தில் ஊற்றுவதும் இந்த வகைதான். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகும் அதைச் செய்கிறவர்களுக்கு என்ன சொல்வது? கொதிநீர் ஊற்றலாம். நடைபாதைக் கல்லிடுக்கில் இளம் முளைகள் கருகும், அவ்வளவுதான்; கிழங்கைத் தொடாது.

“பாதீனியம் இந்தியன் ஆமி ஆட்டோடு வந்தது. வெட்டி எரிச்சால் சரி.”

முதற்பாதி ஊரறிந்த கதை. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி 1956இல் புனேயில் கவனத்துக்கு வந்து இந்தியா முழுவதும் பரவியது. இலங்கையில் 1999இல் வவுனியாவில் இருப்பதாகப் பதிவானது. ஆட்டோடு வந்ததா, வித்தோடு வந்ததா என்ற வழக்கைவிட, இன்று உங்கள் வளவுக்கு எப்படி வருகிறது என்பது முக்கியம். பள்ளம் நிரப்பப் பறிக்கும் மண், உக்காத மாட்டெரு, உழவு இயந்திரச் சில்லு: இவை போதும்.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூத்த செடியை இழுத்துக்கொண்டுபோய் எரித்தால் வழி முழுக்க விதை சிந்தும். ஒரு பெரிய செடி 25,000 விதை வரை தரும். மண்ணுள் புதைந்தவை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வெள்ளைப் பூ வந்துவிடும். அதற்கு முன், மழை பெய்த மறுநாள், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பூக்காத செடியைக் கூட்டெருவில் போடலாம். பூத்ததை நின்ற இடத்திலேயே உரப்பைக்குள் திணித்துக் கட்டி, ஆழக் குழியில் புதைக்கவேண்டும். தோல் அரிப்பும் இழுப்பும் வரும் செடி என்பதால் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு பிடுங்கச் செய்யாதீர்கள். மாடு தின்றால் பால் கைக்கும்.

“களைநாசினி அடித்தால் வேரோடு போகும்.”

கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போவது. புல்லை வெட்டிவிட்டு அடித்தால் வாங்க இலையில்லை. கோடையில் வாடிய புல்லும் வாங்காது. கோரையில் பச்சை இலையோடு தொடர்புள்ள கிழங்குவரைதான் அது போகும், உறங்குகிற கிழங்கு தப்பிவிடும். 2015இல் இலங்கை இதைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தி, 2022இல் தடையை நீக்கியது. ஆகவே ‘இப்போதும் தடை’ என்பது பிழை. ஆனாலும் கிணறும் முற்றமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பரப்பு வளவுக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். உழவாரம் பிடிக்க ஆள் கிடைக்காத வெளிநாட்டுக்காரர் வளவுகளின் பாடு வேறு; அங்கேயும் பூக்கும் முன் வெட்டுவிக்க ஊரில் ஒருவரை ஏற்படுத்துவதுதான் முதல் வேலை.

முற்றம் தவிர்ந்த வளவையும் வெறும் மண்ணாகச் செருக்கி வைப்பதுதான் துப்புரவு என்றும் ஒரு நினைப்பு உண்டு. வெறும் செம்மண்ணை அடுத்த மழை அரித்துக்கொண்டு போகும். வெளிச்சம் பட்ட விதைகளெல்லாம் முளைக்கும். பின்வளவில் அறுகைக் கட்டையாக வெட்டி விட்டுவிடுங்கள், ஆட்டுக்கு ஆகும். சாரணையையும் குப்பைக்கீரையையும் பிஞ்சில் கிள்ளி வறை வறுக்கலாம். களைநாசினி அடித்த வளவில் மட்டும் கிள்ளக்கூடாது.