ரோஜா நடுவோர் கவனத்திற்கு

சமவெளியின் வெயிலில் ரோஜா வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், நர்சரியில் கண்ணைப் பறிக்கும் பெரும் புஷ்பங்களில் மயங்கிவிடாமல், சுகந்தமும் உஷ்ணத்தைத் தாங்கும் சக்தியும் ஒருங்கே வாய்ந்த பன்னீர் ரோஜாவையே முதலில் நடுவது உசிதம் என்பது என் அபிப்பிராயம். தினமும் 6 மணி நேரமாவது சூரிய வெளிச்சம் விழும் இடத்தில், செம்மண்ணும் மணலும் மக்கிய தொழு உரமும் கலந்த குழியில் நட்டு, காலையில் வேரடியில் மட்டும் நீர் வார்க்க வேண்டும். இலைகள் நனைந்தபடியே இருந்தால் கரும்புள்ளி நோய் பரவும். ஒட்டுச் செடியாயின், ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழிருந்து வாளிப்பாகக் கிளம்பும் தண்டு, பார்வைக்கு எத்தனை ரம்மியமாக இருப்பினும், அது வேர்ச்செடியின் முளையே என்றறிந்து, தாட்சண்யமின்றி அடியோடு களைந்துவிடுவது அவசியம். கவாத்தின்போது, வெளிப்புறம் நோக்கிய கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்டுங்கள்.