மோகனூருக்கு சைக்கிளில் போகலாமா?

பிளஸ் ஒன் படித்தபோது பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் உங்கள் வீட்டுத் திண்ணையில் சும்மா நிற்கிறதா? துடைத்து, எண்ணெய் விட்டு, காற்றடித்து வையுங்கள். ஐப்பசியில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாமக்கல்லில் இருந்து மோகனூர் காவிரிக் கரைக்குப் போய் வரலாம். சுமார் 18 கிலோமீட்டர்தான். ஒகேனக்கல்லில் பாறை இடுக்கில் சீறிப் பாயும் அதே காவிரி, இங்கே அகன்று, நிதானமாகப் போகும். கரையெல்லாம் வாழையும் தென்னையும். கண்ணுக்குக் குளிர்ச்சி!

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆறு பள்ளத்தில் இருக்கிறது. போகும்போது பெரும்பாலும் இறக்கம், "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றும். திரும்பும்போதுதான் ஏற்றம், கூடவே வெயில்!

நண்பர் ஒருவர், வயது 48, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "டிபன் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். போனது ஜோர். திரும்பும் வழியில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்த டீதான் காப்பாற்றியது. சைக்கிளும் அவரும் பால் வண்டியில் வீடு வந்து சேர்ந்தார்கள்.

மூன்று வாரப் பயிற்சி

முதல் வாரம் தினம் 5 கிலோமீட்டர், அடுத்த வாரம் 10, மூன்றாவது வாரம் ஒரு நாளாவது 20. ஓட்டும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு வரவில்லையா? வேகத்தைக் குறையுங்கள்.

சீட் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். தாழ்வான சீட்தான் பலருக்கு மூட்டு வலியைக் கொடுக்கிறது.

கிளம்பும் நாளில்

* காலை 6 மணிக்குப் புறப்பட்டு, 11 மணிக்குள் வீடு திரும்புங்கள். இந்த மாதத்தில் பிற்பகலில் இடிமழை வரலாம்.
* நாலு இட்லி சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். தண்ணீர், வாழைப்பழம் கையில் இருக்கட்டும்.
* சர்க்கரை நோயாளிகள், இதய நோயாளிகள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைக்காரர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே இறங்கி மூன்று டீஸ்பூன் அளவு சாப்பிடுங்கள்.
* நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இருந்தால் "வாயுதான்" என்று சமாளிக்க வேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள்.
* நம்முடையது லாரி ஊர். இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். தலைக்கு ஹெல்மெட், சைக்கிள் பின்னால் சிவப்புப் பட்டை.

ஆற்றில் இறங்கலாமா?

மேலே அமைதியாக இருக்கும். அடியில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கலாம். படித்துறையில் முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேட்டூரில் உபரிநீர் திறந்து, வெள்ள எச்சரிக்கை கொடுத்திருந்தால் கரைப் பக்கமே போக வேண்டாம்.

60 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் 300 கலோரிக்கு மேல் செலவாகும். உடல் எடையைச் சீட் தாங்கிக்கொள்வதால் மூட்டுக்கும் பாரம் குறைவு. நல்ல பயிற்சிதான், சந்தேகமே இல்லை. ஆனால் பாதித் தெம்பைத் திரும்பி வருவதற்கு மிச்சம் வையுங்கள். முடியவில்லை என்றால் நடுவழியிலேயே திரும்புங்கள், வெட்கமே வேண்டாம். காவிரி எங்கே போய்விடப் போகிறது? அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் இருக்கும்!