குட்டி யானையில் சாமான் ஆடாமல் இருக்க

கோட்டுகாலிலிருந்து விழிஞ்ஞம் துறைக்கும் பாலராமபுரத்துக்கும் போகும் ‘குட்டி யானை’ மினி லாரிகளில் அவுட்போர்டு எஞ்சின், வெல்டிங் மெஷின், ஏணி எல்லாம் ஒன்றாகத்தான் பயணம். சடன் பிரேக் போட்டால் கனமான சாமான் கேபினை நோக்கித்தான் பாயும். ஆகவே கனமானதைத் தரையோடு, கேபின் தடுப்பை ஒட்டியே வையுங்கள். நடுவே இடைவெளி விட்டால் அடி பலமாக விழும்.

கருவிப்பெட்டியை போல்ட் போட்டு நிறுத்துவது உத்தமம். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்: டீசல் டேங்க், பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது? தளத் தகடு மெல்லியது. அடியில் அகல வாஷரோ இரும்புப் பட்டையோ கொடுக்காவிட்டால் போல்ட் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். துளையின் விளிம்பில் அன்றைக்கே சிங்க் பிரைமர் பூசிவிடுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊரில் துரு காத்திருக்காது.

நைலான் கயிறு மழையில் நனைந்தால் இழுபட்டுத் தளரும். ராட்செட் பெல்ட் கொஞ்சம் விலைதான், ஆனால் இந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். கூரான விளிம்பில் பெல்ட் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டு வையுங்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் நிறுத்தி, மறுபடி இறுக்குங்கள்.

பைப், கம்பி வெளியே நீட்டினால் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டினால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் 20,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.