குப்பை மேட்டில் பிறந்த வயலின்

கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு உதவணும் என்றால் நமக்கு உடனே எது ஞாபகத்துக்கு வருகிறது? அரிசி, துணிமணி, பள்ளிக் கட்டணம். இவைகள் அவசியமே. ஆனால், "சாப்பாட்டுக்கே வழியில்லை, அந்த வீட்டுப் பிள்ளைக்கு வயலின் எதுக்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

தென் அமெரிக்காவிலுள்ள பராகுவே தேசத்தின் தலைநகரம் அசுன்சியோன். அந்தப் பட்டணத்துக் குப்பை வந்து குவிந்த இடம் கட்டேயுரா. அதன் ஓரத்தில் வாழ்ந்த அநேகம் குடும்பங்களுக்குக் குப்பை பொறுக்கி விற்பதே பிழைப்பு. 2006-ம் வருஷம் மறுசுழற்சித் திட்ட வேலையாக அங்கே போனவர் ஃபாவியோ சாவேஸ். பிள்ளைகள் குப்பை மேட்டில் சுற்றித் திரிவதைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த சங்கீதத்தைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

பிள்ளைகள் பெருகினார்கள், வாத்தியங்களோ கொஞ்சம். அப்பொழுது தச்சு வேலை தெரிந்த குப்பைத் தொழிலாளி நிக்கோலாஸ் கோமெஸ் முன்வந்தார். எண்ணெய் டின் வயலின் ஆனது. பீப்பாய் செல்லோ ஆனது. தண்ணீர்க் குழாய் சாக்ஸபோன் ஆனது.

இதில் நாம் கற்கும் பாடங்கள் மூன்று:

1. உதவி பிள்ளையின் கையில் தங்கணும். அங்கே நல்ல வயலின் ஒன்று ஒரு வீட்டைவிட விலை அதிகம். வீட்டுக்குக் கொண்டுபோனால் திருடு போகும், அல்லது வறுமையில் விற்றுவிடுவார்கள். டின் வயலினை யார் வாங்குவார்? ஆகவே அது பிள்ளையிடமே இருந்தது, தினமும் பயிற்சி நடந்தது.

2. பிள்ளைக்கு ஓர் இடம் வேணும். வாத்தியக் குழுவில் ஒருவன் வராவிட்டால் எல்லாருக்கும் தெரியும். "எனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்கிற எண்ணமே அவனை நேரத்துக்கு வரவைக்கும்.

3. பெரியவர்களுக்கும் மதிப்பு உண்டாகும். குப்பை பொறுக்கின அதே கைகள் வாத்தியம் செய்கிற கைகளாயின. 2015-ல் இவர்களைப் பற்றிய திரைப்படமே வெளிவந்தது.

சங்கீதம் பசியை ஆற்றாது. ஒரே நாளில் வறுமையை மாற்றாது. அரிசிக்குப் பதிலாக அல்ல, அரிசியோடு கூட இதையும் கொடுக்கலாம்.

சிந்திக்க: உங்கள் வீட்டுப் பரணில் தூசி படிந்த கிட்டார் இருக்கிறதா? வாரத்தில் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியுமா? உங்கள் தெருவில் சாயங்காலம் போக இடமில்லாமல் நிற்கிற பிள்ளை யார்? அந்தப் பிள்ளையின் பேரை இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.